பாதரசத் துளியும் நீரின் நஞ்சும்

நீரின் இயல்பை அறியத் தமிழர் தம் பொறிகளையே துணையாகக் கொண்டனர். கலங்கல் கண்ணுக்குத் தெரியும். உவர்ப்பும் துவர்ப்பும் நாவுக்குத் தெரியும். அழுகல் மூக்குக்குத் தெரியும். ஊர்க் கிணறுகளை நல்ல தண்ணீர்க் கிணறு என்றும் உப்புத் தண்ணீர்க் கிணறு என்றும் பிரித்து வழங்கியது இவ்வறிவின் பயனே. தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் இழைத்துக் கலங்கல் நீரைத் தெளியவைத்ததும் இவ்வறிவின்பாற்பட்டதே. ஆனால் ஈயம், காட்மியம், பாதரசம் முதலிய கன உலோகங்கள் உயிருக்குக் கேடு விளைக்கும் நுண்ணளவில் நீரில் கரைந்திருக்கும்போது நிறமும் காட்டுவதில்லை, சுவையும் காட்டுவதில்லை, மணமும் காட்டுவதில்லை. பளிங்குபோல் தெளிந்த நீரிலும் அவை இருத்தல் கூடும்.

அந்த நுண்ணளவு எத்தகையது என்பதை முதற்கண் தெளிதல் வேண்டும். இந்தியத் தர அமைவனம் 2012இல் வெளியிட்ட குடிநீர்த் தரவரையறை, ஒரு லிட்டர் நீரில் ஈயம் 0.01 மில்லிகிராமுக்கும், காட்மியம் 0.003 மில்லிகிராமுக்கும், பாதரசம் 0.001 மில்லிகிராமுக்கும் மேற்படலாகாது என்கிறது. பத்தாயிரம் லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகள் நூறு வரிசையாக நிற்பதாகக் கொள்வோம். அந்நூறு லாரி நீரிலும் ஒரே ஒரு கிராம் பாதரசம் பரவிக் கலந்தால் அதுவே எல்லை. இதனை நாவினால் அறிவது எங்ஙனம்?

நாவினால் அறியலாம் என்பதுபோல் ஒரு காட்சி 1959 டிசம்பர் 24ஆம் நாள் ஜப்பானின் கியூஷு தீவிலுள்ள மினமாட்டா நகரில் நடந்தது. அந்நகரின் சிஸ்ஸோ வேதியியல் ஆலையில் கழிவுநீரைத் தூய்மைசெய்யும் 'சைக்ளேட்டர்' என்னும் அமைப்புக்கு அன்று தொடக்க விழா. நிறுவனத் தலைவர், அவ்வமைப்பில் தூய்மை பெற்ற நீர் எனக் கொண்டுவரப்பட்ட ஒரு குவளை நீரை அனைவர் முன்னும் பருகிக் காட்டினார். பாதரசக் கழிவைத் தந்துகொண்டிருந்த ஆலைப் பிரிவின் நீர் அப்போது அவ்வமைப்பின் வழியே செல்லவே இல்லை என்பது பின்னர் வெளிப்பட்டது. அதே டிசம்பரின் 10ஆம் நாள், ஸ்டாக்ஹோம் நகரில், செக் நாட்டு வேதியியலார் யாரோஸ்லாவ் ஹெய்ரோவ்ஸ்கி நோபல் பரிசு பெற்றார். நீரில் கரைந்த உலோகங்களை மின்னோட்டத்தால் இனங்கண்டு அளக்கும் முறையைக் கண்டதற்காக அவருக்கு வழங்கப்பட்ட பரிசு அது. அம்முறையின் உயிர்நிலை ஒரு துளி பாதரசம். குவளைக்கும் பரிசுக்கும் இடைப்பட்டவை பதினான்கு நாள்கள். நீரின் நஞ்சை மின்வேதியியல் அறிந்த வரலாற்றை எழுதப் புகுவோர் இவ்விரு நாள்களையும் சேர்த்தே எழுதவேண்டும்.

பிராக் நகரின் ஆய்வுக்கூடம்

ஹெய்ரோவ்ஸ்கி 1890இல் பிராக் நகரில் பிறந்தவர். தந்தையார் சட்டப் பேராசிரியர். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பயின்ற பின், முதல் உலகப் போர் அவரை ஒரு படை மருத்துவமனையில் மருந்து கலப்பவராக்கிற்று. 1918இல் முனைவர் பட்டத்திற்கான வாய்மொழித் தேர்வில் அவரை வினவியவருள் ஒருவர் பொஹுமில் குச்செரா என்னும் இயற்பியலார். நுண்ணிய கண்ணாடிக் குழலிலிருந்து சொட்டும் பாதரசத் துளிகளை நிறுத்து, மின்னழுத்தத்திற்கேற்ப அதன் பரப்பு இழுவிசை மாறுவதை ஆராய்ந்தவர் அவர். அவ்வாய்வில் விளங்காது நின்ற சில முரண்களை இளையவரிடம் அவர் ஒப்படைத்தார். வாய்மொழித் தேர்வு என்றாலே சடங்கு என்று எண்ணும் இந்நாளில், ஒரு தேர்வாளரின் வினா ஓர் அறிவியல் துறையையே பிறப்பித்தது எண்ணத்தக்கது. குச்செரா 1921இல் மறைந்தார். தம் வினாவின் விளைவை அவர் காணவில்லை.

துளிகளை நிறுப்பதை விடுத்து, துளியின் வழியே செல்லும் மின்னோட்டத்தை அளந்தால் என்ன என்பதே ஹெய்ரோவ்ஸ்கியின் எண்ணம். சிவலிங்கத்தின் மேல் தாராபாத்திரத்திலிருந்து நீர் சொட்டுவதுபோல், நுண்குழலின் நுனியிலிருந்து சில நொடிகளுக்கு ஒன்றாகப் பாதரசத் துளி, ஆராயப்படும் கரைசலினுள் சொட்டிக்கொண்டிருக்கும். அத்துளியே ஒரு மின்முனை. மற்றொரு மின்முனை கலத்தின் அடியில் தேங்கிய பாதரசம். இரண்டிற்கும் இடையே மின்னழுத்தத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி, ஒவ்வொரு நிலையிலும் கால்வனோமீட்டர் காட்டும் மின்னோட்டத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். 1922 பிப்ரவரி 10ஆம் நாள் சோடியம் ஹைட்ராக்சைடுக் கரைசலில் அவர் இவ்வாறு அளந்து வரைந்த கோடே இத்துறையின் முதற் கோடு. அப்போது அவருக்கு அகவை முப்பத்தொன்று.

அம்முடிவுகளை அவ்வாண்டே அவர் தம் தாய்மொழியாகிய செக் மொழியில், அந்நாட்டு வேதியியல் இதழில் வெளியிட்டார். ஆங்கில வடிவம் அடுத்த ஆண்டில்தான் வந்தது. சிறு மொழியொன்றில் முதற்கண் எழுதப்பட்டது என்பதால் அக்கண்டுபிடிப்பு உலகினரால் அறியப்படாமற் போய்விடவில்லை. தாய்மொழியில் அறிவியல் எழுதுவது வீண் முயற்சி என்போர் இச்செய்தியைக் கருதுவாராக. பிற நாட்டார் எளிதில் படிக்கவேண்டுமென 1929இல் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் தனியே ஓர் இதழை எமில் வோட்டோச்செக்குடன் சேர்ந்து தொடங்கியவரும் அவரே. இரண்டும் ஒன்றற்கொன்று பகையல்ல என்பதை அவர் செயலில் காட்டினார். செக் நாட்டிற்கு முதல் நோபல் பரிசைக் கொணர்ந்தவர் இவ்வேதியியலார். இலக்கியத்திற்கான பரிசை 1984இல் கொணர்ந்த கவிஞர் சைஃபெர்ட்டின் முதற்பெயரும் யாரோஸ்லாவ் என்பதே. கவிஞர் அவையில் இதனைச் சொல்லாமல் செல்வது முறையன்று.

கையால் ஒரு கோட்டை வரைந்து முடிக்க ஒரு மணி நேரத்திற்கும் மேலாகும். இத்துன்பத்தைத் தீர்த்ததில் ஒரு ஜப்பானியருக்குப் பங்கு உண்டு. மசுசோ ஷிகாடா என்பார் பிராக் நகரில் ஹெய்ரோவ்ஸ்கியுடன் உழைத்து, 1924இல் மின்னழுத்தத்தைத் தானே கூட்டி, மின்னோட்டத்தை ஒளிப்படத் தாளில் தானே பதியும் கருவியை உருவாக்கினார். 'போலரோகிராஃப்' என்பது அதற்கு அவர்கள் இட்ட பெயர். மணிக்கணக்கான வேலை நிமிடக் கணக்காயிற்று. ஆய்வாளர் கை தொடாமலே தன் முடிவைத் தானே எழுதிய வேதியியல் கருவிகளுள் இது மிக முற்பட்டது. ஷிகாடா நாடு திரும்பி, இம்முறையை ஜப்பானில் வேரூன்றச் செய்தார். நீரிலுள்ள உலோகத்தை அறியும் கலை ஜப்பானுக்கு இவ்வாறு இருபதுகளிலேயே சென்று சேர்ந்துவிட்டது என்பதைப் பின்வரும் செய்திகளுக்காக மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

கோடு சொல்லும் பொருள்

போலரோகிராஃப் வரையும் கோடு படிக்கட்டுப் போன்றது. மின்னழுத்தம் கூடிக்கொண்டே செல்லும்போது, கரைசலில் உள்ள ஓர் உலோக அயனி குறிப்பிட்ட ஓர் அழுத்தத்தில் எதிர்மின்னூட்டம் பெற்று உலோகமாகித் துளிக்குள் புகுகிறது. அந்நிலையில் மின்னோட்டம் ஒரு படி ஏறும். செம்பு முதலில் புகும். அடுத்து ஈயம், ஏறத்தாழ –0.4 வோல்ட்டில், பின்னர்க் காட்மியம், ஏறத்தாழ –0.6இல், துத்தநாகம் –1.0ஐ ஒட்டி. படி ஏறும் இடம் அவ்வுலோகம் இன்னதென்பதைச் சொல்லும். படியின் உயரம் அஃது எவ்வளவு என்பதைச் சொல்லும். உயரத்திற்கும் அளவிற்கும் உள்ள தொடர்பை 1934இல் ஹெய்ரோவ்ஸ்கியின் மாணவர், சுலோவாக்கியரான டியோனிஸ் இல்கோவிச், சமன்பாடாக நிறுவினார். யார், எவ்வளவு என்னும் இரு வினாக்களுக்கும் ஒரே கோடு விடை தந்தது இம்முறையின் தனிச்சிறப்பு.

இப்பணிக்குப் பாதரசமே ஏன் வேண்டும்? நீரைப் பகுத்து ஹைட்ரஜனை வெளியேற்றுவதில் பாதரசம் மிக மந்தமானது. பிற உலோக முனைகளில் குமிழிகள் கிளம்பி அளவைக் கெடுக்கும் அழுத்தத்திலும் பாதரசம் அமைதியாக இருக்கும். அதனினும் பெரிது, துளி சொட்டிப் போய்ப் புதுத்துளி பிறப்பது. முன் அளவின் அழுக்கு அடுத்த அளவில் இராது. ஒவ்வொரு துளியும் கழுவிய கண். பாதரசத்தைக் கட்டும் வழி தேடிய சித்தர் மரபு, அதனை மருந்தென்றும் நஞ்சென்றும் ஒருங்கே கண்டது. பிராக் நகரில் அதன் கட்டுப்படாமையே, உருண்டு சொட்டும் இயல்பே, பயனாயிற்று.

ஆயினும் இம்முறைக்கு இரு குறைகள் இருந்தன. ஒன்று, கூர்மை போதாமை. ஒரு லிட்டரில் ஏறத்தாழ ஒரு மில்லிகிராம் ஈயம் என்னும் அளவிற்குக் கீழே சென்றால் படி மங்கிவிடும். கனிமங்களையும் உலோகக் கலவைகளையும் ஆராய அது போதும். குடிநீரின் நஞ்சை அறிய அது நூறு மடங்கு குறைவு. மற்றொன்று இன்னும் ஆழமானது. துளிமுனையால் பாதரசத்தை அளக்க இயலாது. பாதரச அயனியை அறிவதற்குரிய அழுத்தத்தில் மின்முனையின் பாதரசமே கரையத் தொடங்கிவிடும். நீரில் உள்ள சிறு பாதரசத்தின் குரல் அதில் அமுங்கிப் போகும். எல்லா உலோகத்தையும் கண்ட அந்தக் கண் தன்னை மட்டும் காணவில்லை.

மினமாட்டாவின் பாதரசம்

மினமாட்டா ஆலை 1932இல் அசிட்டால்டிஹைடு என்னும் பொருளைச் செய்யத் தொடங்கியது. அதற்கு வினையூக்கி பாதரச சல்பேட். அவ்வினையின்போது சிறிதளவு பாதரசம் மெத்தில் பாதரசமாக மாறிக் கழிவுநீருடன் கடலுக்குச் சென்றது. அங்கிருந்து மீனுக்கும் சிப்பிக்கும், மீனிலிருந்து பூனைக்கும் மனிதருக்கும் ஏறியது. ஐம்பதுகளில் அக்கரையோரச் சிற்றூர்களில் பூனைகள் தள்ளாடிச் சுழன்று செத்தன. 1956 மே 1ஆம் நாள், ஆலை மருத்துவமனையின் தலைவர் ஹொசொகாவா ஹஜிமே, நரம்பு மண்டலத்தைத் தாக்கும் இன்னதென்று அறியப்படாத நோயொன்று பரவுவதாக நகரச் சுகாதார நிலையத்திற்கு அறிவித்தார். அந்நாளையே நோயின் அதிகாரமுறைத் தொடக்க நாளாகக் கொள்வர்.

ஆலைக் கழிவில் பல உலோகங்கள் கலந்திருந்தமையால் எது குற்றவாளி என்பதை அறிய மூன்றாண்டுகள் ஆயின. மாங்கனீசு, செலினியம், தாலியம் என்று ஒன்றன்பின் ஒன்றாக ஐயுறப்பட்டன. குமமோட்டோ பல்கலைக்கழக ஆய்வுக் குழு 1959 ஜூலையில் கரிமப் பாதரசமே காரணம் என அறிவித்தது. கழிவுநீர் வாய்க்கால் கடலிற் கலக்கும் இடத்துச் சேற்றில் ஒரு டன்னுக்கு ஏறத்தாழ 2 கிலோ பாதரசம் இருந்தது. நோயாளிகளின் தலைமுடியில் கண்ட உச்ச அளவு பத்து லட்சத்தில் 705 பங்கு; வெளியூரார் முடியில் சராசரி 4 பங்கு. முடியை வெட்டி அளந்தபோது உடலே சான்று கூறிற்று.

ஹொசொகாவா தாமும் ஓர் ஆய்வு செய்துகொண்டிருந்தார். அசிட்டால்டிஹைடு பிரிவின் கழிவுநீரை உணவில் கலந்து பூனைகளுக்கு இட்டார். 1959 அக்டோபரில் 400ஆம் எண்ணுடைய பூனைக்கு அந்நோயின் குறிகள் தோன்றின. நிறுவனம் அம்முடிவை வெளியிட இசையவில்லை. டிசம்பரில், நோயாளர் குடும்பங்கள் ஆலை வாயிலில் அமர்ந்து இழப்பீடு கேட்டுக்கொண்டிருந்த நாள்களில்தான், மேற்குறித்த குவளை நீர் பருகப்பட்டது. டிசம்பர் 30இல் 'அனுதாபத் தொகை' என்னும் பெயரால் ஓர் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. பின்னாளில் ஆலையே காரணம் என்று தெரியவந்தாலும் மேற்கொண்டு எதுவும் கேட்கமாட்டோம் என்னும் வாசகமும் அதில் இருந்தது. பூனையின் முடிவை அறிந்த பின்னர் எழுதப்பட்ட வாசகம் அது. பாதரசக் கழிவு 1968 வரை கடலுக்குச் சென்றுகொண்டிருந்தது. அரசு அவ்வாண்டு செப்டம்பர் 26இல்தான் ஆலையே காரணம் என ஒப்புக்கொண்டது. ஹொசொகாவா 1970இல், நோய்ப்படுக்கையில் இருந்தபடியே, 400ஆம் எண் பூனையைப் பற்றி நீதிமன்றத்திற்குச் சாட்சியம் அளித்து, அவ்வாண்டே மறைந்தார். 1973 மார்ச்சில் தீர்ப்பு நோயாளர் பக்கம் வந்தது.

மினமாட்டாவைப் பற்றி எழுதுவோர் கவிஞர் இஷிமுரே மிச்சிகோவை விடுதல் இயலாது. அவ்வூரில் வளர்ந்து, இல்லத்தரசியாக வாழ்ந்த அவர், நோயாளரின் படுக்கையருகே கேட்ட சொற்களை அவ்வட்டார வழக்கிலேயே அமைத்து 1969இல் 'குகாய் ஜோதோ' என்னும் நூலை வெளியிட்டார். நாட்டின் பெரும் பரிசொன்று மறு ஆண்டு அவரைத் தேடி வந்தபோது அதனை ஏற்க மறுத்தார். 705 என்னும் எண் மருத்துவருக்குப் பொருள் தரும். ஏனையோருக்கு அந்நோய் இன்னதென்பதை உணர்த்தியது அவருடைய மொழியே எனலாம். ஆனால் எண் இல்லாதிருந்தால் அம்மொழியை 'மீனவர் புலம்பல்' என்று தள்ளிவிட்டிருப்பர் என்பதும் உண்மையே. 1956க்கும் 1959க்கும் இடையே நடந்தது ஏறத்தாழ அதுதான்.

ஏறுவோரும் இறங்குவோரும்

இனி, அளவின் கூர்மை வளர்ந்த கதை. ஐம்பதுகளில் இங்கிலாந்தின் ஹார்வெல் ஆய்வு நிலையத்தில் பார்க்கர் என்பாரும், போலந்தின் வார்சா நகரில் விக்டர் கெமுலாவும் புதுவழி கண்டனர். கெமுலாவும் அவர்தம் துணைவரும் துளியைச் சொட்டவிடாமல் குழல் நுனியில் தொங்கவிட்டனர். தொங்கும் துளிக்கு முதலில் சில நிமிடங்கள் மிகு எதிர்மின்னழுத்தம் கொடுக்கப்படும். கரைசலைக் கலக்கிக்கொண்டே இருக்க, நீரில் பரவிக் கிடந்த ஈயமும் காட்மியமும் துத்தநாகமும் சிறுகச் சிறுகத் துளிக்குள் வந்து இரசக்கலவையாகச் சேரும். பெருநீரில் சிதறியிருந்தவை ஒரு துளிக்குள் திரள்கின்றன. பின்னர் அழுத்தத்தை எதிர்த்திசையில் திருப்பினால் ஒவ்வோர் உலோகமும் தனக்குரிய அழுத்தத்தில் துளியை விட்டு வெளியேறும்; அப்போது மின்னோட்டம் ஒரு முகடாக எழும். நெரிசலான பேருந்தில் கடைசியாக ஏறியவர் முதலில் இறங்குவதுபோல், இங்கே துத்தநாகம் முதலில் இறங்கும், பின் காட்மியம், ஈயம், இறுதியில் செம்பு.

சேர்த்துக் கழற்றும் இம்முறையால் அளவின் எல்லை ஆயிரம் மடங்குக்கும் மேலாக நுண்மை பெற்றது. நூறு லாரி நீரில் ஒரு கிராம் என்னும் நிலை இப்போது எட்டுந் தொலைவுக்கு வந்தது. ஆஸ்திரேலியாவின் மார்க் ஃபுளோரன்ஸ் 1970இல் துளியையும் விடுத்து, கண்ணாடிபோல் பளபளக்கும் கரித்தண்டின் மேல் பாதரசத்தின் மெல்லிய படலத்தை அமைத்து அளந்தார். படலம் மெல்லிதாயின் உலோகம் விரைந்து வெளியேறும், முகடும் கூர்மையாகும். நீரில் உள்ள உலோகம் முழுவதும் நஞ்சன்று. கனிமத் துகளிலும் மட்கிய இலைச்சாற்றிலும் பிணைந்து கிடப்பது உயிரினத்திற்குள் எளிதிற் புகாது என்னும் உண்மையை இத்தகைய அளவுகளே துலக்கின. ஒளிநிறமாலைக் கருவி எல்லாவற்றையும் கூட்டி ஒரே தொகையாகச் சொல்லும். மின்முனையோ கட்டின்றித் திரிவதையும் எளிதிற் கட்டவிழ்வதையும் மட்டுமே காணும். மின்வேதியியல் உணரிகளின் தனிப்பயன் இங்கேதான் உள்ளது. விலை மலிவு, எடுத்துச் செல்ல எளிது என்பனவெல்லாம் இதற்கு அடுத்தவையே.

பாதரசத்தைத் துறத்தல்

அளப்பதற்குப் பயன்படும் பொருளே நஞ்சாக இருக்கும் முரண் நெடுநாள் நீடித்தது. ஆற்றங்கரைக்கு ஈயத்தை அளக்கச் செல்பவர் பாதரசத்தைக் கையில் கொண்டு செல்லவேண்டியிருந்தது. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜோசப் வாங் குழுவினர் பாதரசத்திற்கு ஈடாகப் பிஸ்மத் படலத்தை முன்வைத்தனர். வயிற்று நோய்க்கு மருந்தாகக் கொடுக்கப்படும் உலோகம் அது. ஈயம், காட்மியம், துத்தநாகம் ஆகியவற்றுடன் அது பாதரசத்தைப் போலவே எளிதில் கலக்கும். சர்க்கரை நோயாளர் இரத்தத்தைச் சோதிக்கும் பட்டையைப் போன்று, நெகிழிப் பட்டையின் மேல் கரிமையால் அச்சிட்ட மின்முனைகளும் இதற்கு முன்பே வந்துவிட்டன. இரண்டும் சேர்ந்தபோது உணரி ஒருவரின் சட்டைப்பைக்குள் அடங்கியது.

பிஸ்மத்துக்கும் ஒரு குருடு உண்டு. செம்பு வெளியேறும் அழுத்தத்தை ஒட்டி அதுவே கரைந்துவிடும். அதற்கும் அப்பாலுள்ள பாதரசத்தை அது காண்பதில்லை. பாதரசத்தை அறியப் பொன்முனையே சிறந்தது. பொன்னும் பாதரசமும் ஒன்றையொன்று நாடுவன. பொன்னைப் பாதரசத்தில் கரைத்துப் பூசி, தீயிலிட்டுப் பாதரசத்தை ஆவியாக்கி முலாமிட்ட பொற்கொல்லர் இதனை வேதியியலாருக்கு நெடுங்காலம் முன்பே அறிந்திருந்தனர். அவ்விருப்பமே இங்குக் கருவியாயிற்று. அதுவே இடையூறும் ஆயிற்று. ஒருமுறை வந்து தங்கிய பாதரசம் பொன்னை முற்றும் விட்டு நீங்குவதில்லை. சில அளவுகளுக்குப் பின் முனையின் இயல்பு மாறிவிடும். மெத்தில் பாதரசமாயின் நீரை முன்னதாக அமிலத்தாலோ புற ஊதாக் கதிராலோ சிதைத்தாலன்றி அது கணக்கில் வாராது. மினமாட்டாவில் மனிதரைக் கொன்ற வடிவமே இன்றும் உணரிகளுக்கு எளிதிற் பிடிபடாத வடிவமாக இருக்கிறது.

2013 அக்டோபரில் குமமோட்டோவில் உலக நாடுகள் கூடிப் பாதரசத்தைக் குறைக்கும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. மினமாட்டாவின் பெயரையே அது தாங்குகிறது. 2017இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2018இல் ஏற்புறுதி அளித்தது. ஆய்வுக்கும் கருவிகளின் அளவீட்டுச் சரிபார்ப்புக்கும் பாதரசத்தைப் பயன்படுத்த அவ்வுடன்படிக்கை இடம் விட்டிருக்கிறது. ஆயினும் பல ஆய்வுக்கூடங்களில் ஹெய்ரோவ்ஸ்கியின் துளி படிப்படியாக விடைபெற்றுவிட்டது.

தமிழகத்தின் தொடர்பு

இவ்வரலாற்றில் தமிழகத்திற்கு இருமுனைத் தொடர்பு உண்டு. ஒன்று பெருமைக்குரியது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்க, காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. 1948 ஜூலை 25இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14, பொங்கல் நாளன்று, அந்நாள் குடியரசுத் துணைத்தலைவர் இராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். மின்வேதியியலுக்கெனத் தனி நிறுவனம் உலகில் அரிதாக இருந்த காலம் அது. உப்பளமும் அரிமானமும் மின்கலமும் ஆராயப்பட்ட அந்நிலையத்தின் பணிகளுள் உணரிகளும் அடங்கும்.

மற்றொன்று அத்தகையதன்று. கண்ணாடி நுண்குழலும் பாதரசமும் சேர்ந்தது ஹெய்ரோவ்ஸ்கியின் கருவி; அவ்விரண்டே சேர்ந்தது உடல் வெப்பமானி. எண்பதுகளில் அமெரிக்காவிலிருந்து பெயர்த்துக் கொடைக்கானலுக்குக் கொணரப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலை, பாதரசம் படிந்த உடைந்த கண்ணாடிகள் பழைய பொருள் கடையொன்றில் கிடந்தது வெளிப்பட்டதை அடுத்து, 2001இல் மூடப்பட்டது. கழிவின் ஒரு பகுதி 2003இல் கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிற்று. கொடைக்கானல் ஏரியின் நீரிலும் சேற்றிலும் மீனிலும் பாதரசம் இருப்பதை ஐதராபாத் ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்டனர். முன்னாள் தொழிலாளர் 591 பேருக்கு உதவித்தொகை வழங்கும் உடன்பாடு 2016இல்தான் ஏற்பட்டது. ஆலை மூடி அதற்குள் பதினைந்து ஆண்டுகள் ஓடிவிட்டன. மலைமேல் நின்று பார்ப்பவருக்கு ஏரி அன்றும் அழகாகவே இருந்தது.

ஆற்றுக்குள் இறங்கிய மின்முனை

ஆய்வுக்கூடத்தில் நன்றாகப் பணிபுரியும் உணரி ஆற்றில் இறங்கியதும் தடுமாறுவது எதனால் என்பதையும் சொல்லவேண்டும். ஆற்றுநீரில் மட்கும் பாசியும் சவர்க்காரமும் உண்டு; அவை முனையின் மேல் தோலாகப் படிந்து அயனிகளை அண்டவிடா. காரத்தன்மை இடத்திற்கிடம் மாறும். உரிய அமிலநிலைக்குக் கொணர்ந்தாலன்றி முகடுகள் தம் இடத்தில் எழா. ஜெனீவாப் பல்கலைக்கழகத்தில் டெர்சியே-வேபரும் பஃபிளும் தொண்ணூறுகளில் இதற்கு ஒரு வழி கண்டனர். கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகரோசு என்னும் கூழை முனைகளின் மேல் போர்த்தினர். சிறு அயனிகள் கூழினூடே நுழையும். பெருமூலக்கூறுகள் வெளியே நின்றுவிடும். அவ்வாறு போர்த்திய கருவியை ஏரியின் ஆழத்திற்கே இறக்கி, நீரை முகந்து கொணராமல், இருந்த இடத்திலேயே அளந்தனர். முகந்து புட்டியில் அடைத்த நீரில் உலோகம் புட்டிச் சுவரில் ஒட்டிக்கொள்வதும் வடிவம் மாறுவதும் உண்டாகலின், இது சிறு முன்னேற்றம் அன்று.

எனினும் முனையை எங்கே இறக்குவது என்பதைக் கருவி முடிவு செய்வதில்லை. 1958 செப்டம்பரில் மினமாட்டா ஆலை தன் கழிவுநீரைத் துறைமுகத்திலிருந்து ஆற்றின் முகத்துவாரத்திற்குத் திருப்பிவிட்டது. அடுத்த ஆண்டு அப்புறத்து ஊர்களிலும் நோய் தோன்றிற்று. பழைய வாய்க்காலை மட்டும் அளந்தவருக்கு அளவு குறைந்ததாகவே தோன்றியிருக்கும்.

மினமாட்டா வளைகுடாவின் சேறு 1977 முதல் 1990 வரை தோண்டி எடுக்கப்பட்டது. பத்து லட்சத்தில் 25 பங்குக்கு மேல் பாதரசம் இருந்த சேறு முழுவதும் கரையோரத்தில் எஃகுத் தடுப்புகளுக்குள் கொட்டப்பட்டு, மேலே மண்ணிட்டு மூடப்பட்டது. 58 ஹெக்டேர் புதுநிலம் உண்டாயிற்று. இன்று அங்கே பூங்காவும் நினைவுச்சின்னங்களும் உள்ளன. மீன்கள் வெளிக்கடலுக்குச் செல்லாதபடி வளைகுடாவின் வாயில் கட்டியிருந்த வலை 1997இல் அகற்றப்பட்டது. வலையை அகற்றிய பின்னும் வளைகுடாவின் மீன்களைப் பிடித்து அளக்கும் பணி நின்றுவிடவில்லை. அந்நிலத்தின் கீழே பாதரசம் அப்படியே இருக்கிறது.